பெற்றோரை லண்டன் பப்புக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: லண்டனில் பணிபுரிகிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தேம்ஸ் கரையிலுள்ள 'பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி' என்னும் பழைய பப்பைப் பார்க்க ஆசைப்படுகிறார். இருவரும் சைவம்; மது தொடாதவர்கள். "குடிக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் மது விற்கும் இடத்தில் குடும்பத்தோடு உட்காரும் வழக்கம் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் பப் என்பது அக்கம்பக்கத்தார் சாப்பிடவும் பேசவும் கூடும் இடமும் ஆகும். பழச்சாறு மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இதை அம்மாவிடம் முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்பாவின் ஆசை நிறைவேற வேண்டிய ஆசை. வாப்பிங் பகுதியில் 1520-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த விடுதி, கடத்தல்காரர்கள் புழங்கியதால் ஒரு காலத்தில் 'சாத்தானின் விடுதி' என்றே அழைக்கப்பட்டது. இப்போதைய பெயர், அருகில் நங்கூரமிட்டு நின்ற விட்பி ஊர்க் கப்பலிடமிருந்து வந்தது. தீ விபத்துக்குப் பின் கட்டடம் புதுப்பிக்கப்பட்டுவிட்டதால், உண்மையான பழமையைக் காண அப்பா தரையைத்தான் பார்க்க வேண்டும்: அங்கே பாவியிருக்கும் கற்களுக்கு ஏறத்தாழ 400 வயது என்கிறார்கள்.

ஆற்றுப் பக்கம் ஒரு தூக்குக் கயிறு தொங்கும். அம்மா திடுக்கிடாமல் இருக்க இதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட துறை வாப்பிங்கில்தான் இருந்தது. கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையர் 1701-இல் அங்கேதான் தூக்கிலிடப்பட்டார். மூன்று முறை அலையேற்றம் உடலை மூழ்கடித்த பிறகே பிணத்தை இறக்குவது வழக்கமாம். அந்த வழக்கத்தின் கொடுமை, கடல் ஓதத்தால் நாளுக்கு இருமுறை 7 மீட்டர் வரை ஏறி இறங்கும் அந்த ஆற்றை நேரில் பார்க்கும்போதுதான் மனத்தில் உறைக்கும். ஆகவே மேசைக்கு முன்பதிவு செய்யும் முன் நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் அலை அட்டவணையைப் பாருங்கள். நீர் வடிந்திருக்கும் நேரத்தில் போய், அது மெல்ல ஏறுவதைப் பார்த்தபடி உட்காருங்கள். பக்கத்திலுள்ள பெலிகன் படித்துறை பாசி படிந்து வழுக்கும். பெற்றோரை அதில் இறக்க வேண்டாம்.

உணவுப் பட்டியலில் சைவ வகைகளுக்குக் குறியீடு இருக்கும். ஆனாலும் உருளைக்கிழங்கு வறுவலை மீன் பொரித்த எண்ணெயில் போடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பப்புகளில் பொதுவாக நாமே பரிமாறும் முகப்பு மேடைக்குச் சென்று, வேண்டியதைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். அப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், வெள்ளீயக் கலவைத் (பியூட்டர்) தகடு வேய்ந்த அந்த முகப்பு மேடையையும் அவர் பார்க்கட்டும்.

போகும்போது ராதர்ஹைத் நிலையத்தில் ரயிலேறி, அடுத்த நிலையமான வாப்பிங்கில் இறங்குங்கள். இடையே ரயில் கடப்பது, கப்பல் செல்லும் ஆற்றுக்கு அடியில் உலகிலேயே முதன்முதலாகக் குடையப்பட்டு 1843-இல் திறக்கப்பட்ட சுரங்கம். வாப்பிங் நிலையத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடக்க வேண்டும். வழியெங்கும் கல் பாவிய தெரு என்பதால், அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள காலணி வாங்கிக் கொடுங்கள்.