பதில்: காத்தான்குடிக் கடவையில் நிறுத்தியபோது பக்கத்தால் முந்திய மோட்டார் சைக்கிள்

வணக்கம் சகோதரரே. காத்தான்குடிப் பிரதான வீதியில் வீதியைக் கடக்க நின்ற ஒரு தாய்க்காகப் பாதசாரிக் கடவையில் காரை நிறுத்தியபோது, இடப்பக்கத்தால் முந்திய மோட்டார் சைக்கிள் அவரை மயிரிழையில் தவறவிட்டதாகவும், இனி நிறுத்துவதா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். நிறுத்தியது முற்றிலும் சரி; நிறுத்தும் முறையில்தான் கவனம் வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடும். கால் பிரேக்கைத் தொடுமுன்னரே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. ஆகவே கடவை கண்ணில் பட்டதுமே, எவரும் நிற்காவிட்டாலும், வேகத்தைக் குறைத்து, கண்ணாடிகளில் பின்னால் வருபவரைப் பார்த்து, பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்துங்கள். பின்விளக்கு எரிவதைக் கண்டு அவரும் ஆயத்தமாவார். அந்த வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் சிறுபிள்ளை நின்றால் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மிக முக்கியமானது, கடவைக் கோட்டை ஒட்டி நிறுத்தாமல் சில மீற்றர் முன்னதாகவே நிறுத்துவதாகும். அப்போதுதான் பக்கத்தால் வருபவருக்குக் கடப்பவரும், கடப்பவருக்கு அவரும் உங்கள் வாகனத்தால் மறைபடாமல் தெரிவார்கள். கையசைத்து "வாருங்கள்" என அழைக்காதீர்கள்; பெரியவர்கள் உங்களை நம்பி மறுபக்கம் பாராமலே இறங்கிவிடுவார்கள், அது எனக்கு எப்போதும் அச்சந்தரும் காட்சி. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தாலும், பாதசாரி கடந்து முடியும்வரை நகராதீர்கள்.

மார்கழி மழையில் கோடுகள் மங்கி, ஈரவீதியில் வாகனம் நிற்கும் தூரமும் நீளும். அப்போது இன்னும் முன்னரே வேகத்தைக் குறையுங்கள்.