அரை வரியில் வந்த தங்கை

கேள்வி: துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்து, இரண்டாவது போஸ்ட்டாக்கில், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வுப் பணியில் இருக்கிறேன். வயது 34. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலைக்கு வழி தெரியவில்லை. டேட்டா சயின்ஸுக்குப் போனால் பத்து வருடப் படிப்பு வீண்தானே? இரண்டரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் ஒரு ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் சேரலாமா? வீட்டில் நெருக்கடி இல்லை, தங்கை வேலைக்குப் போவதால் வீட்டுக் கடனை அவளே கட்டிக்கொள்கிறாள்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. துறை மாறலாமா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, மாறுங்கள். என்னை உறுத்துவது அந்தக் கடைசி அரை வரி.

'அவளே கட்டிக்கொள்கிறாள்.' எத்தனை வருடமாக? மாதத் தவணை எவ்வளவு? இன்னும் எவ்வளவு பாக்கி? ஆய்வுக் கட்டுரையில் பிழை வரம்பு போடாமல் ஒரு எண்ணை எழுத மாட்டீர்கள். வீட்டுக் கணக்கில் எண்ணே இல்லை. உங்களைப் போன்ற ரிசர்ச் அசோசியேட்டுக்கு 2023 ஜனவரியிலிருந்து தொடக்கத் தொகையே மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அதில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள்? நெருக்கடி இல்லாமல் இல்லை. அது உங்கள் வரைக்கும் வராமல் ஒரு பெண் நடுவில் நின்று தாங்குகிறாள். அண்ணன் படிக்கட்டும் என்று தங்கை சுமப்பதை நம் வீடுகளில் யாரும் கடன் என்று எழுதி வைப்பதில்லை. ஆனால் அது கடன்தான், அதைத் திருப்பித் தரவேண்டியவர் நீங்கள்தான்.

அதனால் அந்த இரண்டரை லட்சத்தைப் படிப்பில் போடாதீர்கள். வீட்டுக் கடன் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

சான்றிதழ் உங்களுக்கு எதற்கு? செர்ன் ஆய்வகத்தில் நடக்கும் அட்லஸ் என்ற துகள் சோதனைக்காகக் கணினியில் உருவாக்கிய மாதிரித் தரவை வைத்து, ஹிக்ஸ் துகளின் தடத்தைப் பிரித்தெடுக்கும் போட்டி 2014-இல் கேகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் நடந்ததே, எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற கணிப்பு மென்பொருள் பலருக்கும் அறிமுகமானது அதில்தான். வாங்கிய கடனை ஒருவர் திருப்பிக் கட்டுவாரா என்று கணிப்பதற்கும் இன்று அதே கருவி உதவுகிறது. இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்கத் தெரிந்தவர், படித்தது வீண் என்று எழுதலாமா?

உங்களிடம் இல்லாதது எஸ்க்யூஎல், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி. தினமும் உட்கார்ந்தால் சில வாரங்களில் வந்துவிடும், செலவும் இல்லை. துகள் இயற்பியலாளர்களின் ரூட் மென்பொருளில் எழுதிய பழைய அலசல் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழிக்கு மாற்றி, யாரும் படித்துப் பார்க்கும்படி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். மூவாயிரம் பேர் பெயர் உள்ள கட்டுரைகளின் பட்டியலை நேர்முகத் தேர்வில் நீட்டாதீர்கள். அதில் நீங்கள் தனியாகச் செய்தது என்ன, அதனால் எது மாறியது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். அப்புறம், முழு விடைக்கு இரண்டு வருடம் காத்திருக்கும் பழக்கம் கம்பெனியில் செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வரும் பாதி விடை போதும் என்பார்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்று ராத்திரியே தங்கைக்குப் போன் போடுங்கள். மார்ச்சில் சம்பளம் நிற்கப்போவது அவளுக்குத் தெரியுமா? முதலில் அதைச் சொல்லுங்கள். பிறகு கடன் பாக்கியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அவள் வயதையும் சேர்த்து.