தினமும் ஆடுகிறதே, பெரியது வருமா?

கேள்வி: மகாராஷ்டிராவில் தஹாணு பக்கம் வேலை பார்க்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீடு. மழைக்காலம் முடிந்தாலே இங்கே பூமி ஆட ஆரம்பித்துவிடுகிறது. முதலில் 'டம்' என்று வெடிச் சத்தம், உடனே பாத்திரங்கள் கலகலக்கும். "சின்னச் சின்னதாக வந்தால் நல்லதுதான், உள்ளே இருக்கிற வேகம் குறையும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மனைவியோ, இது பெரியதற்கு அறிகுறி, ஊருக்கே போய்விடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே முழுக்கச் சரியில்லை. ஆனால் பெரியவர் சொல்வதுதான் ஆபத்தானது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

நிலநடுக்க அளவு ஒரு எண் கூடினால், வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஒரே ஒரு 6 அளவு நடுக்கத்தின் ஆற்றல் தீர வேண்டுமானால் 3 அளவில் முப்பதாயிரத்துக்கும் மேல் வர வேண்டும். உங்கள் பாத்திரங்கள் கலகலப்பதில் அதெல்லாம் தீராது.

இத்தாலியின் லாக்விலா நகரில் 2009-ல் மாதக்கணக்கில் இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. மார்ச் 31 அன்று அங்கே ஓர் அதிகாரி தொலைக்காட்சியில், ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருப்பதால் ஆபத்து இல்லை என்று பேசினார். உங்கள் பெரியவரின் வாதமேதான். நடுக்கம் வந்தால் இரவில் வெளியே போய்ப் படுப்பது அந்த ஊர்ப் பழக்கம். ஏப்ரல் 5 இரவிலும் இரண்டு முறை ஆடியது. அதிகாரி சொன்னதை நம்பிப் பலர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். அதிகாலை 3.32-க்கு 6.3 அளவில் வந்தது. 309 பேர் இறந்தார்கள். பிறகு வழக்கு நடந்தது. அதிகாரியோடு கூடவே தண்டிக்கப்பட்ட ஆறு விஞ்ஞானிகள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அந்த அதிகாரிக்கு மட்டும் தண்டனை நிலைத்தது.

சரி, உங்கள் மனைவியின் பயத்துக்கு வருவோம். பெரிய நடுக்கம் ஒன்று வந்து அதன் பின்னால் பின்னதிர்வுகள் வருவது வழக்கமான கதை. அப்படித் தலைமை இல்லாமல், ஏறக்குறைய ஒரே அளவில் கூட்டமாக வருவதைத்தான் 'ஸ்வார்ம்' என்கிறோம். தமிழில் நடுக்கக் கொத்து என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தஹாணு இருக்கும் பால்கர் மாவட்டத்தில் இது 2018 நவம்பரில் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் பதிவாகியும், பெரும்பாலானவை 3-க்குக் கீழேதான். 4-ஐத் தொட்டவை சிலவே. பூமிக்குள் அதிக ஆழமில்லாமல் நடப்பதால்தான் அந்த வெடிச் சத்தம். மழைநீர் பாறை விரிசல்களில் இறங்கி, ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் பிளவுகளை நழுவ வைக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம். மழைக்குப் பிறகு கூடுவதாக நீங்கள் கவனித்ததும் அதோடு பொருந்துகிறது. இத்தகைய கொத்துகள் பெரும்பாலும் பெரியதாக எதையும் கொண்டுவராமலே அடங்கிவிடும்.

ஆனால் கில்லாரியை மறக்க முடியாது. அதே மகாராஷ்டிரா, அதே எரிமலைப் பாறைப் பூமி. லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் 1992 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சிறு நடுக்கங்கள் வந்தன. அதிகபட்சமாக வந்தது 4 அளவு. பிறகு ஓய்ந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1993 செப்டம்பர் 30 அதிகாலை 4 மணிக்குச் சற்று முன் 6.2. பத்தாயிரம் பேர் வரை மடிந்தார்கள். மண் சாந்தில் அடுக்கிய கனமான கல் சுவர், மரச்சட்டத்தின் மேல் மண்ணைக் கொட்டிய கூரை: அதுதான் உறங்கியவர்கள் மேல் விழுந்தது.

இரண்டு ஊரின் சிறு நடுக்கப் பதிவுகளையும் அருகருகே வைத்து, இதில் எது முன்னதிர்வு என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது. பெரியது வந்த பிறகுதான் முன்னால் வந்ததற்கு 'முன்னதிர்வு' என்று பெயர் வைக்கிறோம். கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். கலிபோர்னியாவின் நீண்ட காலப் பதிவுகளில், ஒரு நடுக்கத்துக்குப் பின் சில நாட்களுக்குள் அதைவிடப் பெரியது வருவது நூற்றுக்கு ஐந்து தடவை அளவில்தான். அந்தப் 'பெரியதும்' 3-க்குப் பின் வரும் 3.4 ஆக இருக்கலாம். இதற்காக வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது வேறு. கட்டிலுக்கு மேலே பரண், அலமாரி எதுவும் வேண்டாம். பீரோவைச் சுவரோடு திருகி மாட்டுங்கள். ஆடும்போது படிக்கட்டில் ஓடாதீர்கள். 2019 பிப்ரவரியில் உங்கள் மாவட்டத்திலேயே நடுக்கத்துக்குப் பயந்து வெளியே ஓடும்போது இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தது. உறுதியான மேசைக்கு அடியில் பிள்ளைகளோடு பதுங்கிப் பழகுங்கள். அப்புறம், இன்ன தேதியில் வரும் என்று வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் அழித்துவிடுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: வீடு எப்படிப்பட்டது? மண் சாந்தில் கட்டிய கல் வீடு என்றால் இந்த மாதமே வேறு வீடு பாருங்கள். அங்கே 5 வந்தாலே போதும். செங்கல், சிமெண்ட் வீடு என்றால் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, கதவு ஜன்னலுக்கு மேலே லின்டல் கான்கிரீட் பட்டை நாலு சுவரையும் சுற்றி அறுபடாமல் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் வெறும் தூண்கள் மட்டும் நிற்கும், பார்க்கிங் விட்ட அடுக்குமாடி என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். 2001 குஜராத் நடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல அந்த வகைதான்.