வாசகர் கேள்வி–பதில்: மகன் கைத்துப்பாக்கியுடன் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் வசிக்கிறோம். மகனுக்கு 15 வயது. அவனுடைய பள்ளித் தோழனின் தந்தை, வரும் விடுமுறையில் அவனைத் தம் பண்ணைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார். தம்மிடம் உள்ள ரிவால்வர் ஒன்றை அங்கே அவன் கையில் தருவாராம். “பெற்றோரின் சம்மதக் கடிதம் ஒன்று போதும், பன்றி வேட்டைக்கு லைசென்ஸ்கூடத் தேவையில்லை” என்கிறார். நான் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதுமா? (ஒரு தந்தை, டெக்சாஸ்)

பதில்: போதாது. தோழனின் தந்தை சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் அவை அவரைப் போன்ற குடிமக்களின் வீட்டுக்குப் பொருந்தும் உண்மைகள்; விசாவில் வாழும் உங்கள் வீட்டுக்கு அவை அப்படியே பொருந்தா. நீங்கள் கையெழுத்திடும் முன்பே கேட்டது பெரிய நிம்மதி.

முதலில் பொது விதியைப் பார்ப்போம். 1994-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாத ஒருவர் கைத்துப்பாக்கியையோ, கைத்துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும் தோட்டாக்களையோ வைத்திருப்பது குற்றம். அதை அவர் கையில் கொடுப்பதும் குற்றம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. பண்ணை வேலை, இலக்குப் பயிற்சி, துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு ஆகியவற்றோடு வேட்டையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விலக்கு வெறும் வாய்ச்சொல்லால் கிடைப்பதில்லை. பெற்றோரோ பாதுகாவலரோ முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தர வேண்டும். துப்பாக்கி பிள்ளையின் கையில் இருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கடிதமும் பிள்ளையிடமே இருக்க வேண்டும். மாநிலச் சட்டமும் உள்ளூர் விதிகளும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். கடிதம் வீட்டு மேசையிலோ உங்கள் கைப்பேசியிலோ இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

இனி உங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். சம்மதம் தரும் பெற்றோர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை செய்யப்படாதவராக இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் அந்நாட்டுக்குள் வந்தவர்கள், எச்-1பி வேலை விசா, அவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4 விசா உட்பட, எந்த வகைத் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு தடுக்கிறது. அந்தத் தடையிலிருந்து வெளிவருவதற்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழிகளுள் நம்மவர்களுக்கு நடைமுறையில் பயன்படுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பதே. ஆகவே உரிமம் இல்லாத நிலையில் நீங்கள் தடை செய்யப்பட்டவர். சட்டத்தின் எழுத்தின்படி உங்கள் சம்மதக் கடிதத்துக்கு மதிப்பில்லை. உங்கள் மனைவி எச்-4 விசாவில் இருந்தால் அவருக்கும் இதே நிலைதான். பெற்றோரில் ஒருவருக்குக் கிரீன் கார்டு இருந்து, வேறு தடை எதுவும் இல்லையென்றால், அவர் கையெழுத்திடலாம்.

மகனும் எச்-4 விசாவில்தான் இருப்பான். அப்படியானால் அதே தடை அவன்மேலும் விழுகிறது. இந்த இடத்தில்தான் பன்றி வேட்டைச் சலுகை உங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணியாக மாறுகிறது. 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, வேட்டை உரிமம் இல்லாமலேயே காட்டுப்பன்றியைச் சுடலாம். மாநிலம் உரிமம் கேட்பதில்லை என்பதால் பலரும் அதை வாங்குவதில்லை. ஆனால் அமெரிக்க ஒன்றிய அரசின் தடையிலிருந்து விசாக்காரரைக் காப்பது அந்த உரிமம்தான். பன்றிக்குத் தேவையில்லாத உரிமம், பன்றியைச் சுடப் போகும் உங்கள் மகனுக்குத் தேவைப்படுகிறது. டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும் என்பதால், சென்ற ஆண்டு வாங்கியதை நம்பி செப்டம்பரில் புறப்படாதீர்கள்.

உங்களுக்கே உரிமம் வேண்டுமென்றால், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டும் என்பதே மாநிலத்தின் பொது விதி. 9 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் அதை முடிக்க வேண்டும், அல்லது தகுதியுள்ள, உரிமம் பெற்ற பெரியவர் ஒருவரின் துணையோடு வேட்டையாட வேண்டும். தந்தையும் மகனும் சேர்ந்தே வகுப்புக்குச் செல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மகன் என்ன செய்யப் போகிறான் என்பதை முழுதாக அறியாமல் சம்மதக் கடிதம் எழுதும் தந்தையாக நீங்கள் இருக்கக் கூடாது.

தண்டனைகளையும் சொல்லியாக வேண்டும். சிறாருக்குக் கைத்துப்பாக்கி கொடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. வன்முறைக் குற்றத்துக்குப் பயன்படுத்தப்படும் என்று அறிந்தே கொடுத்திருந்தால் பத்தாண்டு வரை. தடை செய்யப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை 2022-இல் 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இவற்றோடு, துப்பாக்கிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும் வெளிநாட்டவரை நாடு கடத்தவும் குடியேற்றச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு விடுமுறை நாளின் மகிழ்ச்சிக்காக இவ்வளவையும் பணயம் வைக்க வேண்டாம்.

கேள்வி: கைத்துப்பாக்கிக்குப் பதிலாக ரைஃபிள் என்றால் இந்தச் சிக்கல் தீருமா? (அதே வாசகர்)

பதில்: பாதி தீரும். 1994-ஆம் ஆண்டு விதி, ஒரு கையால் பிடித்துச் சுடும் வகையில் அமைந்த குட்டைத் துப்பாக்கிகளுக்கு மட்டுமே உரியது. ரைஃபிளையும், சிறு குண்டுகளைச் சிதறவிடும் நீண்ட துப்பாக்கியான ஷாட்கன்னையும் அது தொடுவதில்லை. விசா குறித்த தடையோ எல்லா வகைத் துப்பாக்கிகளுக்கும் பொதுவானது; எனவே மகனிடம் உரிமம் இருந்தே ஆக வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துக் கேட்டாலும் நான் ரைஃபிளையே பரிந்துரைப்பேன். குட்டைக் குழல் கொண்ட ரிவால்வர், மணிக்கட்டு சற்றே திரும்பினாலும் அருகில் நிற்பவரை நோக்கிவிடும். நீண்ட குழலும் தோளில் அணையும் கட்டையும் உள்ள ரைஃபிளைப் புதிதாகக் கற்கும் சிறுவன் எளிதாகக் கட்டுப்படுத்துவான். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் மற்றவர்களுக்குத் தெரியும். இரவில் பண்ணை வீட்டில் துப்பாக்கிகள் எங்கே பூட்டிவைக்கப்படும் என்று தோழனின் தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள். சுடத் தயாரான துப்பாக்கி 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு எட்டும்படி கவனக்குறைவாக விடுவது டெக்சாஸில் தனிக் குற்றம். பெரியவரின் மேற்பார்வையில் நடக்கும் வேட்டைக்கு அதில் விலக்கு உண்டு, தூங்கும் நேரத்துக்கு இல்லை.

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயது, நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள். சம்மதக் கடிதத்தோடு அவன் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடலாமா? (ஒரு தாய், நியூயார்க் மாநிலம்)

பதில்: உங்கள் மாநிலத்தில் முடியாது. அங்கே கைத்துப்பாக்கிக்குத் தனி உரிமம் வேண்டும். அதைப் பெறப் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்திலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வேட்டை விலக்கு ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் மட்டுமே. ஒன்றிய அரசின் விலக்கு மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், உங்கள் கடிதம் மாநிலத் தடையை நீக்காது.

கேள்வி: வாத்து வேட்டைக்கு இளையோர் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாமா? (ஒரு மாணவர்)

பதில்: இளையோர் மட்டுமல்ல, எந்த வயதினரும் கைத்துப்பாக்கியால் வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடக் கூடாது. அவற்றை ரைஃபிளாலும் கைத்துப்பாக்கியாலும் வேட்டையாடுவதை ஒன்றிய அரசின் விதி நாடு முழுவதும் தடுக்கிறது. துப்பாக்கிகளில் ஷாட்கன் மட்டுமே ஏற்கப்படும். அதிலும் பொதுவாக மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இட்டிருக்க வேண்டும்.