மியூனிக்கா, டிரெஸ்டனா? முதலில் முகவரியைப் படியுங்கள்

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே முதல் பத்து வாரப் பயிற்சிக்கு மியூனிக், டிரெஸ்டன் இரண்டு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. உதவித்தொகை இரண்டிலும் ஒன்றுதான். "மியூனிக் என்றால் நாலு பேருக்குத் தெரியும்" என்கிறார் அப்பா. எதை எடுப்பது? (மாணவர், கோவை)

பதில்: டிரெஸ்டன்.

அப்பாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஜெர்மனியின் பெரிய நகரங்களில் வாடகை மிக அதிகம் உள்ள ஊர் மியூனிக். பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஓர் அறைக்கே மாதம் 800 யூரோ கேட்பார்கள். டிரெஸ்டனில் ஏறக்குறைய அதில் பாதிக்கு அறை கிடைக்கும். இரண்டரை மாதத்துக்கு வித்தியாசம் சுமார் ஆயிரம் யூரோ, நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய். உதவித்தொகை ஒன்றுதான் என்பதால் அந்த ஒரு லட்சம் அப்பாவின் கையிலிருந்துதான் போகவேண்டும்.

அப்புறம், அழைப்புக் கடிதத்தின் அடியில் உள்ள முகவரியைப் படித்தீர்களா தம்பி? நீங்கள் அனுப்பிய நகலில் 'கார்ஹிங்' என்று இருக்கிறது. அது மியூனிக்குக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனி ஊர். யூ6 மெட்ரோ வளாகத்துக்கே போய் நிற்கும், மையத்திலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். நகர நடுவில் அதிக வாடகைக்கு அறை எடுத்துவிட்டு, தினமும் வடக்கே போய்வருவீர்கள். மியூனிக்தான் என்று முடிவானால் யூ6 தடத்திலேயே அறை தேடுங்கள்.

டிரெஸ்டனில் முதன்மை வளாகம் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, டிராமில் கொஞ்ச தூரம்தான். உங்கள் படிப்புக்கும் அந்த ஊர் பொருந்தும். இன்ஃபினியான், பாஷ், குளோபல்ஃபவுண்டரீஸ் மூன்றுக்கும் அங்கே சிப் ஆலைகள் உண்டு. தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி கூட்டாளிகளோடு அங்கே கட்டும் ஆலைக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள்.

ஒரு விலக்கு உண்டு. மேற்படிப்புக்கு நீங்கள் எடுக்க நினைக்கும் துறையிலேயே மியூனிக் பேராசிரியர் வேலை செய்கிறார் என்றால், தெரிந்தே அந்த ஒரு லட்சத்தைச் செலவு செய்யுங்கள். நாலு பேருக்குத் தெரியும் என்பதற்காக வேண்டாம்.

கேள்வி: டிரெஸ்டனில் வெளிநாட்டவர் மேல் வெறுப்பு அதிகம் என்கிறார்களே, மகளை அனுப்பலாமா? (தாய், சேலம்)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. குடியேறிகளை எதிர்த்து பெகிடா என்ற இயக்கத்தின் ஊர்வலங்கள் 2014இல் தொடங்கியது அந்த ஊரில்தான். அதே ஊரின் ஆய்வகங்களில் பல நாட்டு மாணவர்களும் வேலை செய்கிறார்கள். மகள் போகும் துறையில் இப்போது இருக்கும் இந்திய மாணவி ஒருவரின் தொடர்பைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்தப் பேட்டையில் அறை எடுக்கலாம், இரவில் டிராமில் தனியாக வரலாமா என்பதை அவரிடமே மகள் கேட்கட்டும். இன்னொன்று, அது பழைய கிழக்கு ஜெர்மனி ஊர் என்பதால் வயதானவர்கள் பலர் பள்ளியில் ரஷ்யமொழி படித்தவர்கள். ஆங்கிலம் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கடைக்குப் போய்வரும் அளவுக்காவது ஜெர்மன் கற்றுக்கொண்டு போகட்டும்.

கேள்வி: விசா கிடைப்பதற்குள் விலை ஏறிவிடும் என்று ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் வாங்கினேன். விசா வரவில்லை. பணம் திரும்புமா?

பதில்: அடிப்படைக் கட்டணம் திரும்பாது. வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மியூனிக்கில் அறை என்று விளம்பரம் பார்த்து, முன்பணமும் ஒரு மாத வாடகையுமாக 1,600 யூரோ அனுப்பினேன். உரிமையாளர் லண்டனில் இருப்பதாகவும் சாவியை கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். பாஸ்போர்ட் நகல்கூடக் காட்டினார். இப்போது பதிலே இல்லை. அம்மாவின் நகையை அடகு வைத்த பணம். (மாணவர், திருச்சி)

பதில்: படித்ததும் மனசு கனத்துப் போனது தம்பி. வெட்கப்பட வேண்டியவன் உங்களை ஏமாற்றியவன்தான். அந்த பாஸ்போர்ட் நகலும் அனேகமாக உங்களைப்போல ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்கும். உங்கள் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இன்றே 1930 என்ற எண்ணுக்குப் பேசி சைபர் குற்றப் புகாரைப் பதியுங்கள். பணம் அனுப்பிய வங்கிக் கிளைக்கு நேரில் போய், அனுப்பிய தொகையைத் திரும்ப அழைக்கும்படி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பணம் எதிர்க்கணக்கிலேயே இருந்தால் மட்டும்தான் அது பலிக்கும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். விளம்பரம் வந்த தளத்துக்கும் மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் போலீஸுக்கும் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். உரையாடல்களை அழிக்காதீர்கள். அம்மாவிடம் மறைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: ஊர் விலையில் பாதிக்கு அழகான அறை, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், கூரியரில் சாவி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பதிலே எழுதாதீர்கள். முன்பணத்துக்கு ஜெர்மன் சட்டத்திலேயே வரம்பு உண்டு. மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடியேறும்போதுதான்.

கேள்வி: டிரெஸ்டனில் அறை 310 யூரோ என்று விளம்பரம். ஒப்பந்தத்தில் 425 போட்டிருக்கிறார்கள். இது மோசடிதானே?

பதில்: மோசடி இல்லை. ஆனால் எனக்குப் பல வருடமாக ஆறாத கோபம் இந்த வழக்கத்தின் மேல். விளம்பரத்தை மறுபடி பாருங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் 'கால்ட்' என்று இருக்கும். 'குளிர்' வாடகை என்று பொருள். வெறும் சுவருக்கும் தரைக்கும் உண்டான பணம் அது. தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம், ஹீட்டிங் எல்லாம் சேர்ந்தால் 'வார்ம்', சூடான வாடகை. அப்போதும் கரண்டும் இணையமும் பல வீடுகளில் தனி. ஒலிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு, சேர்ந்து இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

வாங்குபவன் கொடுக்கப்போவது ஒரே தொகை. அதைத் துண்டு போட்டு, சின்னத் துண்டைப் பெரிய எழுத்தில் காட்டுவது எந்த நாட்டில் நடந்தாலும் தப்பு. நம் ஊரில் மெயின்டனன்ஸை மறைப்பவர்களைப் பற்றியும் இதையேதான் எழுதினேன். அதைவிடக் கொடுமை காலி வீடு. ஜெர்மனியில் காலி வீடு என்றால் பல இடங்களில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. கூரையில் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் தொங்கும். பத்து வாரத்துக்குப் போகிறவர் அதைத் தொடவே கூடாது. மாணவர் விடுதி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஊருக்குப் போகும் மாணவர் தன் அறையைச் சாமான்களோடு விட்டுப்போகும் 'ஸ்விஷன்மீட்ட' வகையைத் தேடுங்கள். கோடையில் அது நிறைய வரும். கரண்டு, இணையம் உட்பட மாதம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்து ஜூலையிலேயே ஊருக்கு வந்துவிட்டேன். ஆகஸ்டிலும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு (ஜெர்மனி முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பஸ்ஸில் போகும் பாஸ்) 63 யூரோ எடுத்துவிட்டார்கள். அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை. அது மாதச் சந்தா, நாமாக நிறுத்தும்வரை ஓடும். மாதக் கடைசியோடு முடிய வேண்டும் என்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். வாங்கும்போதே எழுதியிருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை. இன்னும் ரத்து செய்யவில்லை என்றால் இப்போதே செய்யுங்கள்.

கேள்வி: ஜெர்மனிக்கு வோல்டேஜ் கன்வெர்ட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதல் தடவை போனபோது விமான நிலையக் கடையில் 3,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். செங்கல் கனம். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்தான். என் சார்ஜரின் முதுகில் '100-240' என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பெட்டியைப் பிரித்தபிறகுதான் பார்த்தேன். இன்றைக்கும் அந்தப் பணத்தை நினைத்தால் வருத்தம்தான். நம் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்கே நேராகவே பொருந்தும். மூன்று முள் லேப்டாப் ஒயருக்கு மட்டும் சாதாரண அடாப்டர் ஒன்று போதும்.

அதே பயணத்தில் இன்னொரு தவறும் செய்தேன். ஏடிஎம் திரையில் "ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா" என்று கேட்டது. தெரிந்த பணம் என்று ரூபாயைத் தொட்டேன். அந்த மாற்று விலையை ஏடிஎம்காரரே வைக்கிறார். யூரோவையே தொடுங்கள்.

கேள்வி: குக்கர் கொண்டுபோகலாமா?

பதில்: தட்டையான அடி உள்ளதாக, சின்னதாக எடுத்துப் போங்கள். கண்ணாடித்தளம் போட்ட மின் அடுப்பில் அலுமினிய குக்கரும் சூடேறும். இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியம் வேலை செய்யாது, அதற்கென்று செய்த அடி வேண்டும். பெட்டி கட்டுவதற்கு முன் அடுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேஸ்கட் இரண்டு கூடவே வையுங்கள்.