பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் நன்றாக வடிவமைக்கப்பட்டது எது? ஏன்?

ஜாகுவார் ஈ-டைப் என்று எப்படியும் நான்கைந்து பேர் எழுதிவிடுவார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டது வடிவமைப்பைப் பற்றி, அதனால் என் ஓட்டு 1962இல் வந்த லோட்டஸ் எலானுக்கு. அதன் மிக முக்கியமான பாகமே சோதனைக்காகத் தற்காலிகமாக ஒப்பேற்றியதுதான் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் 1957இல் எலீட் என்று ஒரு காரைக் காட்டினார். அதற்குச் சேஸி என்கிற, பாரம் தாங்கும் அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, ஃபைபர் கிளாஸ் உடம்புதான் பாரத்தையும் தாங்கும். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், கம்பெனிக்கோ விற்ற ஒவ்வொரு வண்டியிலும் நஷ்டம். அடுத்த காரையும் அதே முறையில், ஆனால் மேல்கூரை இல்லாமல், குறைந்த செலவில் செய்யலாம் என்று கிளம்பினார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். செருப்புக் கடையில் தரும் அட்டைப்பெட்டியை மூடி போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், லேசில் அசையாது. மூடியைப் பிய்த்துவிட்டு முறுக்கினால் ஈரத்துணி பிழிகிற மாதிரி திரும்பும். கூரையில்லாத ஃபைபர் கிளாஸ் உடம்புக்கும் இதே வியாதி.

உடம்பு தேறும்வரை சஸ்பென்ஷனைச் சோதிக்காமல் சும்மா இருக்க முடியுமா? இரும்புத் தகட்டை மடித்து வெல்டு வைத்து, நடுவில் நீளப் பெட்டி மாதிரி ஒரு முதுகெலும்பு, முன்னால் எஞ்சின் உட்கார உண்டிவில் கவை போல இரண்டாகப் பிரியும் கைகள், பின்னால் சக்கரங்களைத் தாங்க இன்னொரு சின்னக் கவை, அவ்வளவுதான், அதில் எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். வேலை முடிந்ததும் ஓரமாகப் போட வேண்டிய சாமான் அது. ஆனால் அவர்கள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்த உடம்பைவிட அது பல மடங்கு விறைப்பாக இருந்தது, செய்யவும் செலவு குறைவு, எடையும் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்கிற அளவுதான். சாப்மன் தன் பழைய யோசனையைக் கைவிட்டு அதையே காராக்கினார். சொந்த யோசனையை இப்படித் தூக்கிப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

பாரம் தாங்கும் பொறுப்பு போனதும், மேலே மூடும் சட்டை மாதிரி ஆகிவிட்டது உடம்பு. அதை வடிவமைத்தவர் ரான் ஹிக்மன். (வீட்டில் மரம் அறுக்கும்போது மேஜை இல்லாமல் நாற்காலியில் வைத்து அறுத்து, நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டவர். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ஒர்க்மேட் என்ற மடக்கு மேஜை. கார்களைவிட அதில்தான் அவருக்குக் காசு கொட்டியது.)

எலான் எடை சுமார் 680 கிலோ. நம் ஊர் மாருதி 800 எடைதான், ஆனால் எஞ்சின் 1,558 சிசி, 105 குதிரைத்திறன். எஞ்சினின் அடிப்பாகம் ஃபோர்டுடையது, அதன் மேல் இரட்டை கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வைத்த தலைப்பாகத்தை வடிவமைத்தவர் ஹாரி மண்டி, அப்போது ஒரு கார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர்! கியர்பாக்ஸும் ஃபோர்டு, முன்பக்கத்தில் பல உருப்படிகள் டிரையம்ஃப் கார்களிலிருந்து வந்தவை. எடை இல்லாததால் ஸ்பிரிங்கை மெத்தென்று வைக்க முடிந்தது, ஒல்லி டயரே போதுமானது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதுகு உடைய வேண்டும் என்ற எண்ணம் இதில் செல்லாது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மரேயே இதன் ஸ்டியரிங்கைப் புகழ்ந்து மாளாது.

இங்கிலாந்தில் நாரிச் நகரத்துப் பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன், லோட்டஸ் 1966இல் குடிபோன ஹெத்தல் அங்கிருந்து கிட்டத்தில்தான். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் எலான் வைத்திருந்தார். ஒருநாள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "கிளட்சை மெதுவாக விடு" என்று மட்டும் சொன்னார். நான் வழக்கம்போல் விட்டேன். வண்டி தவளை மாதிரி நான்கு தாவு தாவியது. காரணம், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளில் ஆளுக்கு இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, டோனட் என்பார்கள், எனக்கு உளுந்து வடைதான் ஞாபகம் வந்தது. காலை வெடுக்கென்று எடுத்தால் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, திரும்ப உதறும். சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு நீண்டு சுருங்க வைக்கும் சறுக்கும் இணைப்பைவிட மலிவு, எடை குறைவு என்று வைத்தது. பத்து நிமிடத்தில் கால் பழகிவிட்டது. அதற்கப்புறம் வளைவுகளில் நான் ஸ்டியரிங்கைத் திருப்பியதாகவே ஞாபகம் இல்லை, நினைத்தால் போகிறது.

குறை இல்லாமல் இல்லை. எழுந்து படுக்கும் ஹெட்லைட்டுகளைத் தூக்குவது எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல், அதைச் சேமிக்கும் தொட்டி வேறெங்கும் இல்லை, சேஸியின் முன் குறுக்குச் சட்டமேதான். ஒரு சாமானுக்கு இரண்டு வேலை, படிக்கும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் அந்தச் சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் ஆரம்பகால வண்டிகளில் கண் இமை தானாகச் சொக்கிவிடும், இருட்டில்.

அப்புறம் அந்த வாட்டர் பம்ப். அதை எஞ்சினின் முன் மூடிக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள், பேரிங் போனால் எஞ்சின் முன்பக்கத்தையே கழற்ற வேண்டும். பெரியவர் ஒவ்வொரு தடவை பானட்டைத் திறக்கும்போதும் பம்பைச் சுற்றும் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் தொய்வாக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. இறுக்கினால் பேரிங் போய்விடுமாம்.