ஜெர்மனியில் தடை கிடைத்தது: இன்னும் பங்கு வாங்கலாமா?

வணக்கம். நீங்கள் பங்கு வைத்திருக்கும் சிறிய அமெரிக்கக் காப்புரிமை நிறுவனம் (காப்புரிமைகளை வைத்து உரிமத் தொகையும் வழக்குப் பணமும் சம்பாதிக்கும் நிறுவனம்) ஜெர்மனியில் ஒரு சீன நிறுவனத்துக்கு எதிராக விற்பனைத் தடை வாங்கியிருக்கிறது, கடன் வாங்கியாவது இன்னும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கடன் மட்டும் வேண்டாம்.

காப்புரிமை பொதுவாக நாட்டுக்கு நாடு தனி. ஜெர்மன் தீர்ப்பு பொதுவாக ஜெர்மனிக்குள்தான் செல்லும். அங்கேயும் மீறல் வழக்கு ஒரு நீதிமன்றத்தில், காப்புரிமை செல்லுபடியாகுமா என்ற வழக்கு வேறொரு நீதிமன்றத்தில். தடை வந்த பிறகும் காப்புரிமையே ரத்தாகலாம்.

இதேபோன்ற சிறிய அமெரிக்க நிறுவனமான விரிங்கோவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2012-ல் நோக்கியாவிடம் 500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளை 2.2 கோடி டாலருக்கு வாங்கி, சீனத் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான இசட்டிஇ மீது பிரிட்டன், ஜெர்மனி, இந்தியா, பிரேசில் என்று வழக்குப் போட்டது. ஜெர்மனியில் வெற்றியும் கிடைத்தது. கடைசியில், 2015 டிசம்பரில், 2.15 கோடி டாலருக்குச் சமரசம். காப்புரிமைகளை வாங்கிய விலையைக்கூட அது எட்டவில்லை. வக்கீல் செலவு தனி!

அந்த மாதிரிச் செலவுக்காக நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டால் நம்மிடம் உள்ள பங்கின் விகிதம் சுருங்கும். அதனால் காலாண்டு அறிக்கையில் கையிருப்புப் பணத்தையும், மொத்தப் பங்குகள் ஓராண்டில் எவ்வளவு கூடியிருக்கின்றன என்பதையும் முதலில் பாருங்கள். அப்புறம், உங்கள் நிறுவனத்தின் ஜெர்மன் காப்புரிமையை ரத்து செய்யக் கோரும் வழக்கு ஏதும் இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து இங்கே எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.